17 வயதுப் பையன் கையில் அரிவாள்: நம் முன்னே இருக்கும் வழிகள்

மூன்று பையன்களை மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். மூவருக்கும் 17 வயது. முதலாமவன் கூடப் படிக்கிறவனை அரிவாளால் வெட்டிவிட்டான். வெட்டுப்பட்டவன் பிழைத்துக்கொண்டான், வழக்கு கொலை முயற்சி. இரண்டாமவன் யாரோ கொடுத்த பையை, கைச்செலவுக்குக் கிடைத்த பணத்துக்காகப் பேருந்தில் கொண்டுவந்தான். உள்ளே 21 கிலோ கஞ்சா. மூன்றாமவன் தன்னோடு படிக்கும் 17 வயதுப் பெண்ணும் தானுமாக ஊரைவிட்டுப் போனான். பெண் வீட்டார் புகார் கொடுக்க, போக்சோ வழக்கு, அதாவது சிறார்மீதான பாலியல் குற்றங்களுக்கான சட்டத்தில் வழக்கு.

இவர்களில் யாரைப் பெரியவர்போல் விசாரிக்கலாம் என்று நம் சட்டம் சொல்கிறது? பின்னால் சொன்ன இருவரை. அரிவாள் எடுத்தவனை அல்ல.

நம்பச் சிரமமாக இருக்கும். ஆனால் கணக்கு அப்படித்தான் போகிறது. 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம், 16 வயது நிறைந்து 18 நிறையாதவர்களைப் பெரியவர்களாக விசாரிக்க ஒரு வாசல் திறந்தது. அந்த வாசலுக்குள் போக, குற்றம் 'கொடுங்குற்றம்' வகையில் சேர வேண்டும். அதாவது, அதற்குச் சட்டம் விதித்த குறைந்தபட்சத் தண்டனையே 7 ஆண்டாக இருக்க வேண்டும். 20 கிலோவுக்கு மேல் கஞ்சா என்றால் வணிக அளவு, குறைந்தது 10 ஆண்டு. 2019 திருத்தத்துக்குப் பிறகு போக்சோவின் நான்காம் பிரிவிலும் குறைந்தது 10 ஆண்டு. கொலை முயற்சிக்கோ ஆயுள் தண்டனை வரை கொடுக்கலாம், ஆனால் குறைந்தபட்சம் இவ்வளவு என்று எதுவும் எழுதப்படவில்லை. வேறு பிரிவுகள் சேராதவரை அது கொடுங்குற்றம் ஆகாது என்று 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. 2021இல் நாடாளுமன்றமும் சட்டத்தை அதற்கேற்பத் திருத்தியது. நீதிமன்றம் எழுத்தைச் சரியாகவே படித்தது. கோளாறு, அளவுகோலை எடுத்த இடத்தில் இருக்கிறது. பையனின் ஆபத்தை அளக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு தண்டனைப் பட்டியலின் ஒரு பத்தியை அளந்துகொண்டிருக்கிறோம்.

ஒவ்வொரு முறை ஒரு கொடூரம் நடக்கும்போதும் "வயதைக் குறை, பெரியவனாக நினைத்துத் தண்டி" என்ற குரல் எழுகிறது. அந்தக் கோபத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். வெட்டுப்பட்டவன் வீட்டில் நின்று பார்த்தால் 17 வயதும் 27 வயதும் ஒன்றுதான். ஆனால் முடிவு எடுக்கும் இடத்தில் இருக்கிறவர்கள், அரசோ, நீதிபதியோ, வாக்களிக்கும் நாமோ, கேட்க வேண்டிய கேள்வி வேறு: எந்த வழியில் போனால் அந்தக் கை மறுபடி அரிவாளைத் தொடாமல் இருக்கும்?

முதலில் எண்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில், சிறார்மீது பதிவான வழக்குகள் 2021இல் 31,170, 2022இல் 30,555, 2023இல் 31,365. அதே 2023இல் நாடு முழுவதும் பதிவான மொத்த வழக்குகள் 62 லட்சத்துக்கு மேல். நூற்றுக்கு அரை வழக்குதான் சிறார் வழக்கு. 2016இல் சிறார் வழக்குகள் 35,000ஐத் தாண்டியிருந்தன. எனவே சிறார் குற்றம் மளமளவென்று பெருகுகிறது என்பதற்கு இந்தக் கணக்கில் ஆதாரம் இல்லை. ஒன்று மட்டும் உண்மை: பிடிபடுகிறவர்களில் ஐந்தில் நான்கு பேர் 16 முதல் 18 வயதுக்குள். ஆகவே பேச்சு எப்போதும் இந்த இரண்டு வருட இடைவெளியைச் சுற்றியே வருகிறது.

இனி வழிகள். முதல் வழி, பெரியவர்போல் விசாரிப்பது.

இது எப்படி வந்தது என்பது பலருக்கும் நினைவிருக்கும். 2012 டிசம்பர் 16 டெல்லி கூட்டுப் பாலியல் வன்கொடுமை வழக்கில் குற்றவாளிகளில் ஒருவனுக்கு 18 நிறைய இன்னும் சில மாதங்கள் இருந்தன. அவனுக்குக் கிடைத்தது அப்போதைய சட்டத்தின் உச்சமான 3 ஆண்டு. 2015 டிசம்பர் 20 அன்று அவன் வெளியே வந்தான். இரண்டே நாளில், 22ஆம் தேதி, மாநிலங்களவை புதிய சட்டத்தை நிறைவேற்றியது. 2016 ஜனவரி 15 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. டெல்லிக் கொடுமைக்குப் பிறகு அமைந்த நீதிபதி வர்மா குழு வயதைக் குறைக்கப் பரிந்துரைக்கவில்லை. 2013இல் உச்ச நீதிமன்றமும் அந்தக் கோரிக்கையை ஏற்கவில்லை. ஆனாலும் வீதியின் கோபம் வென்றது.

இந்த வழியின் பலம், சமூகத்துக்கு ஒரு பதில் கிடைத்ததுபோல் இருப்பது. மிகக் கொடூரமான ஒரு சில வழக்குகளில் 3 ஆண்டு என்ற வரம்பு போதாமல் போகலாம் என்பதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் இதன் உள்ளே எட்டிப் பார்த்தால் அடித்தளமே ஆடுகிறது. பையனைப் பெரியவர்போல் விசாரிக்க அனுப்புவதற்கு முன், சிறார் வழக்குகளைப் பார்க்கும் இளைஞர் நீதிக் குழுமம் ஒரு முதற்கட்ட மதிப்பீடு செய்ய வேண்டும்: குற்றத்தைச் செய்யும் உடல், மன வலிமை அவனுக்கு இருந்ததா, விளைவுகளைப் புரிந்துகொள்ளும் திறன் இருந்ததா, என்ன சூழலில் செய்ததாகச் சொல்லப்படுகிறது. 3 மாதத்துக்குள் முடிக்க வேண்டும். அந்த நேரத்தில் அவன் குற்றம் செய்தானா என்பதே நிரூபணம் ஆகியிருக்காது. செய்ததாக வைத்துக்கொண்டு, அன்றைக்கு அவன் மனம் எப்படி இருந்தது என்பதைப் பல வாரம் கழித்து அளக்கிறார்கள். வலிமை இருப்பது வேறு, விளைவைப் புரிந்துகொள்வது வேறு, இரண்டையும் ஒன்றாகக் குழப்பக் கூடாது. குழுமத்தில் உளவியல் தெரிந்தவர் இல்லாவிட்டால் நிபுணரின் உதவியைக் கட்டாயம் பெற வேண்டும் என்று 2022 ஜூலையில், குருகிராம் பள்ளிச் சிறுவன் கொலை வழக்கில், உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டிவந்தது. சட்டம் வந்து ஆறரை ஆண்டுக்குப் பிறகு! அதற்கு முன் எத்தனை பையன்களின் தலையெழுத்து ஒரு மணி நேரப் பேச்சில் முடிவானதோ.

பெரியவனாக விசாரித்தால் மறுநாளே மத்தியச் சிறை என்றும் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. இப்படி அனுப்பப்படும் வழக்குகளை விசாரிக்கும் குழந்தைகள் நீதிமன்றம் தண்டித்தாலும் 21 வயது வரை 'பாதுகாப்பிடம்' என்ற தனி இடத்தில்தான் வைக்க வேண்டும். 21இல் திருந்தியிருக்கிறானா என்று பார்த்து விடுவிக்கலாம் அல்லது சிறைக்கு அனுப்பலாம். தூக்குத் தண்டனை கிடையாது. வெளியே வரவே வழியில்லாத ஆயுள் தண்டனையும் கிடையாது. அப்படியென்றால் கூடுதலாக என்னதான் மாறுகிறது? இரண்டு. தண்டனைக் காலம் நீளலாம். இன்னொன்று யாரும் பேசாதது: மற்றச் சிறாருக்குக் குற்றப் பதிவு பின்னாளில் வேலைக்கோ படிப்புக்கோ தடையாகாது என்று சட்டம் தரும் பாதுகாப்பு, பெரியவனாகத் தண்டிக்கப்பட்டவனுக்குக் கிடையாது. 17இல் ஒட்டிய பெயர் 40 வரை கூடவே வரும்.

இந்தச் சோதனையை நமக்கு முன்பே செய்து பார்த்த நாடு அமெரிக்கா. அங்கே சிறாரின் வன்முறைக் குற்றங்கள் 1990களின் நடுவில் உச்சம் தொட்டன. மாநிலம் மாநிலமாகச் சட்டத்தைக் கடுமையாக்கிப் பையன்களைப் பெரியவர் நீதிமன்றத்துக்குத் தள்ளினார்கள். பிறகு அந்த ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பார்த்த அந்நாட்டின் நோய்த் தடுப்பு மையம் சார்ந்த வல்லுநர் குழு 2007இல் வெளியிட்ட முடிவு தெளிவானது: பெரியவர் அமைப்புக்கு அனுப்பப்பட்டவர்கள், சிறார் அமைப்பிலேயே வைக்கப்பட்டவர்களைவிட மறுபடி கைதாவது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அதிகம். பாதுகாப்புக்காக எடுத்த மருந்தே நோயை வளர்த்தது. அமெரிக்காவின் சிறையும் நம் பாதுகாப்பிடமும் ஒன்றல்லதான். ஆனாலும் அனுப்பினால் குற்றம் குறையும் என்று வாதிடுகிறவர்கள்தான் அதற்கு ஆதாரம் காட்ட வேண்டும்.

இரண்டாவது வழி, இல்லத்தில் வைப்பது. விசாரணைக் காலத்தில் கூர்நோக்கு இல்லம், முடிவுக்குப் பிறகு சிறப்பு இல்லம், அதிகபட்சம் 3 ஆண்டு. ஊரில் இன்றும் சீர்திருத்தப் பள்ளி என்றுதான் சொல்வார்கள். இதில் நமக்கு நீண்ட மரபு உண்டு. இந்திய மாகாணங்களில் சிறாருக்கென்று முதலில் தனிச் சட்டம் போட்டது சென்னை மாகாணம், 1920இல். வங்காளமும் பம்பாயும் பிறகுதான் வந்தன. சிறுவனைச் சிறையில் போடக் கூடாது என்று நூறு ஆண்டுக்கு முன்பே எழுதிவைத்த மண் இது.

அதே மண்ணில்தான் 2022 டிசம்பர் இறுதி நாளில், திருட்டுச் சந்தேகத்தில் பிடிபட்ட 17 வயதுச் சிறுவன் ஒருவன் செங்கல்பட்டு அரசு இல்லத்தில் உயிரிழந்தான். அடித்துக் கொன்றதாக இல்ல ஊழியர்களே கைது செய்யப்பட்டார்கள். அவன்மீது சொல்லப்பட்டது ஒரு திருட்டு. அதுவும் நிரூபணம் ஆகாதது. அதன் பிறகு அரசு, ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி சந்துருவின் தலைமையில் ஒருநபர் குழு அமைத்தது. இந்த இல்லங்களை நடத்தத் தனி இயக்குநரகம் வேண்டும் என்று அவர் பரிந்துரைத்தார். இதைப் பற்றி எழுதும்போது என்னால் நிதானமாக எழுத முடியவில்லை. 'கூர்நோக்கு' என்பது எவ்வளவு அழகான சொல். கூர்ந்து நோக்க வேண்டிய இடத்தில் ஒருவரும் நோக்கவில்லை.

இல்லம் என்பதே கூடாது என்பதல்ல என் வாதம். வெளியே விட்டால் எதிர்த்தரப்பு வெட்டிவிடும் நிலையில் இருக்கிற பையனுக்கு, அல்லது கூட்டாளிகளிடமிருந்து பிரித்தாக வேண்டிய பையனுக்கு, நாலு சுவர் கொஞ்ச காலம் தேவைதான். கேள்வி அந்தச் சுவருக்குள் என்ன நடக்கிறது என்பது. அமெரிக்காவின் மிசூரி மாநிலம் 1983இல் பூன்வில் என்ற தன் பெரிய சீர்திருத்தப் பள்ளியை இழுத்து மூடியது. அதற்குப் பதில் மாநிலம் முழுக்கச் சிறிய இல்லங்கள். பத்துப் பன்னிரண்டு பேர் ஒரு குழு, வீட்டுக்குக் கிட்டத்தில், அதே பணியாளர்கள் தொடர்ந்து கூடவே. காவலாளிக்குப் பதில் பயிற்சி பெற்ற இளைஞர் பணியாளர்கள். பிற மாநிலங்கள் பின்னாளில் அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டன. கூரை ஒன்றுதான்; உள்ளே இருக்கும் மனிதர்கள் மாறும்போது இல்லமும் மாறிவிடுகிறது. நம்மூரில் ஒரு பையனை இல்லத்துக்கு அனுப்பும் உத்தரவு எழுதுகிறவர், எந்த இல்லம், அங்கே இரவில் யார் இருக்கிறார்கள் என்று கேட்காமல் கையெழுத்திடக் கூடாது.

மூன்றாவது வழியை மக்கள் வழி என்றே எண்ணுவதில்லை, "விட்டுவிட்டார்கள்" என்பார்கள். வீட்டில் வைத்து, நன்னடத்தை அலுவலரின் கண்காணிப்பில், ஆலோசனை, சமூக சேவை, படிப்பு, தொழிற்பயிற்சி என்று நிபந்தனைகளோடு வைத்திருப்பது. சட்டத்தின் மூச்சே இதுதான். சிறாருக்குப் பிணை என்பது விதி. மறுப்பதற்கு மூன்று காரணங்கள் மட்டுமே: வெளியே விட்டால் குற்றவாளிகளோடு சேர்ந்துவிடுவான், அவனுக்கே ஆபத்து, அல்லது நீதியின் நோக்கம் கெடும். சில்லறைக் குற்றங்களுக்கு முதல் தகவல் அறிக்கையே போடாமல், அவன் குடும்பம் எப்படி, பள்ளிக்குப் போகிறானா, யார் அடிக்கிறார்கள், யாரோடு சுற்றுகிறான் என்பதை எழுதும் சமூகப் பின்புல அறிக்கையோடு குழுமத்தின் முன் நிறுத்தச் சொல்கின்றன 2016ஆம் ஆண்டின் விதிகள். குழுமத்தில் ஒரு நடுவர், இரண்டு சமூகப் பணியாளர்கள், அதில் ஒருவர் பெண். உயர்ந்த மேடை இல்லை, கூண்டு இல்லை.

தாளில் இது மூன்று வழிகளிலும் சிறந்தது. ஆனால் இது முழுக்க முழுக்க ஒரு மனிதரின் தோளில் நிற்கிறது, நன்னடத்தை அலுவலர். அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்து, தாயிடம் பேசி, தலைமையாசிரியரைச் சந்தித்து எழுதினால் அறிக்கை ஒரு வாழ்க்கையைக் காட்டும். மேசையில் உட்கார்ந்து படிவத்தை நிரப்பினால், பத்துப் பையன்களுக்கும் ஒரே பத்தி. கையில் நூறு கோப்பு இருக்கிறவர் எதைச் செய்வார்?

பணம் இருக்கிற வீட்டுப் பிள்ளைக்கு இந்த வழி தானாகத் திறப்பதும் உண்மை. 2024 மே மாதம் புனேயில் 17 வயதுப் பையன் ஓட்டியதாகச் சொல்லப்படும் போர்ஷே கார் மோதி இரண்டு இளம் பொறியாளர்கள் இறந்தார்கள். சில மணி நேரத்தில் பிணை. நிபந்தனைகளில் ஒன்று சாலை விபத்து பற்றி 300 சொல் கட்டுரை எழுதுவது. நாடே கொதித்தது. பிறகு கூர்நோக்கு இல்லம். ஜூன் மாதம் அது சட்டவிரோதம் என்று சொல்லி மும்பை உயர் நீதிமன்றம் அவனை அத்தையின் பொறுப்பில் விட்டது. அந்தத் தீர்ப்பு சட்டப்படி சரி என்றே நினைக்கிறேன். என் மனம் கொதிப்பது வேறு இடத்தில். அதே பிணை விதி குடிசைப் பையனுக்கும் அதே சொற்களில் எழுதப்பட்டிருக்கிறது. அவனை அழைத்துப் போக வரும் அத்தைக்கு அன்றைய கூலி போய்விடும், வக்கீலைத் தெரியாது, எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்று சொல்ல ஆள் கிடையாது. ஆகவே அவன் உள்ளேயே இருக்கிறான்.

நான்காவதாக ஒன்று இருக்கிறது. நம் ஊர்களுக்கு மிக நெருக்கமானது, அதனாலேயே மிக ஆபத்தானதும்கூட. நியூசிலாந்து 1989இல் மாவோரி மக்களின் மரபிலிருந்து எடுத்துச் சட்டமாக்கிய குடும்பக் கூட்டம். கொலை போன்ற மிகச் சில வழக்குகள் நீங்கலாக, பையன், அவன் குடும்பம், பாதிக்கப்பட்டவர், காவல் துறை எல்லாரும் ஒரே அறையில் உட்கார்கிறார்கள். செய்ததைப் பாதிக்கப்பட்டவரின் முகத்தைப் பார்த்து அவன் ஒப்புக்கொள்ள வேண்டும்; எப்படி ஈடு செய்வது என்று எல்லாரும் சேர்ந்து முடிவு செய்கிறார்கள். மற்ற மூன்று வழிகளும் மறந்துபோகிற ஒருவருக்கு, பாதிக்கப்பட்டவருக்கு, இதில்தான் நாற்காலி இருக்கிறது. நம் சிறார் நீதி அமைப்பில் வெட்டுப்பட்டவன் வீட்டுக்கு வழக்கு என்ன ஆயிற்று என்றுகூட யாரும் போய்ச் சொல்வதில்லை. அவர்களின் கோபத்தில் பாதி அதனால் வருவது.

ஆனால் இதை அப்படியே இங்கே இறக்கலாமா? 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். பட்டியல் சாதி மாணவன் ஒருவனை, கூடப் படித்த ஆதிக்க சாதி மாணவர்கள் வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அவன் செய்த 'தவறு', தன்னைத் துன்புறுத்துகிறார்கள் என்று பள்ளியில் சொன்னது. அந்த ஊரில் 'எல்லாரும் உட்கார்ந்து பேசுவோம்' என்றால் என்ன அர்த்தம் ஆகும் என்பது தென்மாவட்டக்காரர்களுக்குத் தெரியும். கட்டப்பஞ்சாயத்தில் பேசி முடித்தல் என்பது எளியவன் வாயை மூடுவதற்கு வைத்த பெயர். மாவோரி மரபில் குடும்பம் கூடுவது ஒரு பலம். இங்கே குடும்பத்துக்குப் பின்னால் சாதி வந்து உட்காரும். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அமைந்த, அதே நீதிபதி சந்துருவின் குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கை, மாணவர் கையில் கட்டும் சாதிக் கயிறுகளைத் தடை செய்வது, பள்ளிப் பெயர்களில் உள்ள சாதி அடையாளத்தை நீக்குவது வரை போனது. அதுதான் சரியான திசை. கயிற்றைக் கட்டிவிட்ட கை பெரியவர்களுடையது.

பெரியவர்கள் என்றதும் இன்னொன்றும் சொல்ல வேண்டும். சிறாரைக் குற்றத்துக்குப் பயன்படுத்துகிறவர்களுக்குச் சிறார் நீதிச் சட்டத்திலேயே 7 ஆண்டு வரை கடுங்காவலும் 5 லட்சம் ரூபாய் அபராதமும் உண்டு. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 95ஆம் பிரிவில் குறைந்தது 3 ஆண்டு, 10 ஆண்டு வரை. 'சின்னப் பையன், மூணு வருசத்துல வந்துருவான்' என்று கணக்குப் போட்டு அவன் கையில் ஆயுதத்தையோ பொட்டலத்தையோ கொடுக்கிறவன்மீது இந்தப் பிரிவுகள் பாய்ந்தால், வயதைக் குறைக்கும் விவாதத்துக்கே வேலை குறையும். சட்டத்தின் வயது வரம்பை 16 ஆக்கினால், ஆயுதம் கொடுக்கிறவன் 15 வயதுக்காரனைத் தேடிப் போவான்.

இப்போது அந்த மூன்று பையன்கள். என்னிடம் விட்டால் இப்படித்தான் முடிவு செய்வேன்.

காதலித்துப் போனவனை இந்த அமைப்புக்குள்ளேயே இழுத்திருக்கக் கூடாது. இத்தகைய வழக்குகளில் போக்சோ விழுங்குவது யாரை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2019லும் 2021லும் கவலையோடு சொன்னது. சட்டம் மாறும்வரை குழுமம் செய்யக்கூடியது, முதற்கட்ட மதிப்பீட்டிலேயே அவனைப் பெரியவர் பக்கம் தள்ள மறுப்பது.

கஞ்சாப் பையைச் சுமந்தவனுக்கு மூன்றாம் வழி, வீடும் நன்னடத்தை அலுவலரும். ஆனால் அவன் பழைய தெருவுக்கே திரும்பினால் பை அவனைத் தேடி வரும். அதனால் வேறு ஊரில் ஒரு தொழிற்பயிற்சி, தங்க இடம், கைச்செலவுக்குப் பணம் என்று 18க்குப் பிறகும் நீளும் பின்காப்பு வேண்டும். பையைக் கொடுத்தவனைத் தேடும் வேலை காவல் துறையுடையது, அது பையனின் பிணையோடு கட்டப்படக் கூடாது.

அரிவாள் எடுத்தவனுக்கு இரண்டாவது வழி, ஆனால் மிசூரி மாதிரியில்: சிறிய இல்லம், சாதிக் கயிறு இல்லாத அறை, வாரந்தோறும் அவனோடு உட்காரும் ஒரே ஆள், நின்றுபோகாத படிப்பு. வெட்டுப்பட்டவன் கேட்டால், அவன் கேட்டால் மட்டுமே, அவன் சொல்கிற இடத்தில், அவன் பக்கத்தில் அவனுடைய வக்கீல் இருக்க, இவன் எதிரே வந்து உட்கார வேண்டும். கேட்காவிட்டால் ஒருபோதும் வேண்டாம். வெட்டுப்பட்டவனுக்கு முதலில் வேண்டியது அறுவை சிகிச்சைச் செலவு, பயமில்லாத வேறொரு பள்ளி, அந்தத் தெருவைவிட்டுக் குடிபெயர ஒரு வீடு. இந்த மூன்றும் அவன் கைக்கு வந்து சேர்ந்ததா என்று கேட்ட பிறகே, வெட்டியவனின் கோப்பில் அடுத்த பக்கத்தைத் திருப்புவேன்.